பொன்னுருக்கும் வரை

இலண்டன் மோர்டனில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் சுவர்ணாவின் சாம்பல் நிறக் கார் நின்றால் அந்தத் தெருவுக்கு வேறு செய்தி வேண்டியதில்லை. பின்னேரத்துக்கிடையில் கதை நோர்பரி வரை போய்விடும். சுவர்ணா வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நேர்ஸ். அதிலும், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி கைவிட்ட ஆட்களைப் பார்க்கிறவள். நோவைக் குறைப்பது, சத்தி வாந்தியை நிறுத்துவது, கடைசி நாட்களில் பக்கத்தில் இருப்பது, இதுதான் அவளுடைய உத்தியோகம். இருபது வருடமாகச் செய்கிறாள். நல்ல உத்தியோகம்தான். ஒரே ஒரு குறை, ஆளைக் கண்டால் சனத்துக்குப் பயம்.

பயம் என்றால் ஓடி ஒளிகிற பயமில்லை. கோயிலில் கண்டால் சிரிப்பார்கள், பிறகு சாமியைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். போன மார்கழியில் சாமான் கடையில் ஒரு பெண்ணைக் கண்டாள். அந்தப் பெண்ணின் புருஷனை மூன்று மாதம் பார்த்தவள் சுவர்ணா. கடைசிக் கிழமை அவருக்கு முகம் மழித்துவிட்டதும் அவள்தான். அந்தப் பெண் இவளைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அரிசி மூட்டைகளின் பக்கம் போய்விட்டாள். கோபமொன்றுமில்லை. சுவர்ணாவைக் கண்டால் அந்த மூன்று மாதமும் திரும்பி வந்து முன்னால் நிற்கும். சுவர்ணாவுக்கு அது விளங்கியது. விளங்கினாலும் நொந்தது. கணவர் பிரிந்து கனடாவுக்குப் போய்ப் பல வருடம், மகள் தக்ஷிகா லீட்ஸில் படிக்கிறாள். நோர்பரி வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை தொலைக்காட்சிதான்.

ஆகையால் மோர்டன் புவனேந்திரன் முதன்முதல் தொலைபேசியில் இழுத்து இழுத்துப் பேசியபோதே அவர் எங்கே வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“தங்கச்சி, ஒண்டு சொன்னால் குறை நினைக்கக் கூடாது.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“காரை ரெண்டு தெரு தள்ளி விட்டிட்டு நடந்து வாறியளோ? அந்த நீல யூனிபோமும் வேண்டாம். ஆரும் கேட்டால் என்ர மனிசி மலரின்ர சின்னம்மாவின்ர மகள் எண்டு சொல்லுவம்.”

“நீங்கள் விரும்பினதைச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். என்னட்டைக் கேட்டால் நேர்ஸ் எண்டுதான் சொல்லுவன்.”

“கேக்காட்டில்?”

“கேக்காததை நான் ஏன் சொல்லப்போறன்?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “அது காணும் தங்கச்சி.”

புவனேந்திரன் சுவிஸில் பதினெட்டு வருடம் உணவகக் குசினிகளில் கை வெந்தவர். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இலண்டனுக்கு வந்து மீன்கடை போட்டார். காலமை விடியமுன் சந்தைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக மீன் ஏற்றி வந்து, ஐசுக்குள் கையை விட்டு விட்டு, விரல்களெல்லாம் தடித்துச் சிவந்து போயிருந்தன. மனைவி செல்வமலருக்கு ஐம்பத்தேழு வயது. மகன் நிஷாந்தனுக்குக் கலியாணம் பேசி மூன்று வருடம். பெண் செவன் கிங்ஸ் ஓவியா. முதலில் குறித்த நாளுக்குக் கிட்டத்தான் செல்வமலரின் வயிற்றைத் திறந்து பெரிய ஒப்பரேசன் செய்தார்கள். இரண்டாவது நாளைக் கீமோ தின்றது. பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு முதுகு ஒப்பரேசன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வருத்தம் இன்னதென்று தெரிந்தால், பரம்பரையில் ஓடுகிற வருத்தம் என்று கதை கட்டுவார்களாம். இது பரம்பரையில் வருவதில்லை என்று சுவர்ணா ஆறு தரமாவது சொன்னாள். “எங்களுக்குத் தெரியும், சனத்துக்குத் தெரியுமோ?” என்றார் புவனேந்திரன். ஓவியாவுக்கு எல்லாம் தெரியும். வருத்தம் இன்னதென்று தெரிந்த அன்றைக்கே நிஷாந்தன் சொல்லிவிட்டான். இளசுகள் இரண்டும் ஒளிவுமறைவில்லாமல் இருக்க, பெரியவர்கள் தங்களுக்குள் கண்ணாமூச்சி விளையாடினார்கள்.

வருத்தமும் லேசுப்பட்ட வருத்தமில்லை. குடல்வாலில் தொடங்கி, வயிறு முழுக்கப் பசை போல ஒன்றைச் சுரந்து நிரப்புகிற புற்றுநோய். பத்து இலட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருவது. குடும்ப டொக்டர் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, தன் அனுபவத்தில் இவதான் முதல் ஆள் என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னாராம்.

“லொத்தர்ச் சீட்டு எடுக்காமலே விழுந்திருக்கு, பாரும்,” என்று செல்வமலர் சிரித்தாள். சுவர்ணா முதல் நாள் அவளுடைய வயிற்றில் கை வைத்துப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு. உடம்பு ஈர்க்குப் போல, வயிறு மட்டும் எட்டு மாதம் போல.

“தண்ணி எண்டால் குழாய் விட்டு எடுக்கிறவை தானே? என்ர தங்கச்சியின்ர மாமிக்கு எடுத்தவை.”

“தண்ணி எண்டால் எடுக்கலாம் அக்கா. இது பசை. குழாயிலை வராது.”

“கூழ் மாதிரி?”

“கூழிலும் தடிப்பு.”

“அப்ப ஒடியற் கூழ்,” என்றாள் செல்வமலர். புவனேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு யன்னல் திரைச்சேலையைச் சரிசெய்தார்.

அதைச் செல்வமலருக்குச் சொன்னது லேசு. டொக்டர்மாருக்குச் சொல்வதுதான் பாடு. விடுமுறை நாட்களில் மாறி மாறி வருகிற டொக்டர்மார் தொலைபேசியில், “வயிறு வீங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தண்ணீரை எடு,” என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். சுவர்ணா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து தொடங்கி விளக்குவாள். ஒரு நேர்ஸ் தனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று ஒருத்தர் போனை வைத்துவிட்டார். அவள் திரும்ப எடுத்தாள். மார்பு, நுரையீரல், குடல் என்றால் அவளுக்குப் பாதை தெரியும். எந்தச் சந்தியில் எப்படித் திரும்பும், எப்போது சாப்பாடு நிற்கும், எப்போது கால் வீங்கும் என்று குடும்பத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவாள். இந்த வருத்தத்தில் இருபது வருடத்தில் ஒரேயொரு ஆளைத்தான் கண்டிருந்தாள், குரொய்டனில் ஒரு ஐரிஷ் கிழவர். இந்தா போகிறேன் என்று இரண்டு வருடம் இருந்தார். பிறகு ஒரு மத்தியானம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். அதை வைத்து எதைச் சொல்வது?

ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சித்திரை கடைசியில் ஒருநாள் புவனேந்திரன் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டார். விளைமீன் ஒன்றைச் செதில் தட்டிக்கொண்டிருந்தார். செல்வமலரால் இரண்டு கரண்டி சொதிக்கு மேல் இறக்க முடியாது. ஆனாலும் அவர் நாளுக்கொரு மீன் கொண்டுவந்து சமைப்பார். அவள் இரண்டு கரண்டி குடிப்பாள், மிச்சத்தை அவரும் மகனும் பேசாமல் சாப்பிடுவார்கள்.

“ஐயர் ரெண்டு நாள் பார்த்துத் தந்திருக்கிறார் தங்கச்சி. ஒண்டு ஆனிக் கடைசி. மற்றது ஆவணி. ஆவணி நல்ல நாள், மண்டபமும் கிடைக்கும். ஆனி எண்டால் எல்லாம் அவதிப்பட்டுச் செய்ய வேணும், பெண் பகுதி ஏன் இந்த அவசரம் எண்டு கேப்பினம். நீங்கள் சொல்லுங்கோ.”

“என்னத்தை அண்ணை?”

“எதை எடுக்கிறது?”

“எனக்குத் தெரியாது அண்ணை.”

“இருபது வருசமாப் பார்க்கிறியள்.”

“இந்த வருத்தத்தை இருபது வருசமாப் பார்க்கேல்லை. ஒரு ஆளைத்தான் பார்த்திருக்கிறன்.”

“பெரிய டொக்டரைக் கேட்டன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எண்டார்.”

“அவருக்கும் தெரியாது.”

“அப்ப ஆருக்குத்தான் தெரியும்?” கத்தியை வைத்துவிட்டார். “ஒருதருக்கும் தெரியாட்டில் நல்லதாயும் இருக்கலாம் தானே? இருபது வருசமும் இருப்பா எண்டும் இருக்கலாம் தானே?”

சுவர்ணா அந்தத் தடித்த விரல்களைப் பார்த்தாள். செதில்கள் ஒட்டியிருந்தன. அரிய வருத்தம் இப்படித்தான் ஆட்களை ஏமாற்றும். தெரியாது என்ற இடத்தில் குடும்பம் போய்க் குடியிருந்துவிடும். சட்டப்படி அவள் நாள் குறிக்கக் கூடாது, குறிக்கவும் தெரியாது. இருந்தாலும் வாய் சொல்லிவிட்டது.

“ஆவணி வரைக்கும் பிந்தாதேங்கோ அண்ணை.”

அவர் கத்தியைத் திரும்ப எடுத்தார். மீனைக் கழுவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு சுவர்ணாவுக்கு நித்திரை இல்லை. சொன்னது பிழைத்துப்போய், செல்வமலர் அடுத்த வருடமும் இருந்தால் சந்தோசம். இல்லை, ஆனிக்கும் முந்தினால்? யாழ்ப்பாணத்துக் கணக்கில் கலியாணம் தாலியோடு தொடங்குவதில்லை, பொன்னுருக்கலோடு தொடங்குகிறது. மாப்பிள்ளை வீட்டில் பொன் வேலை செய்கிற பத்தர் வந்து, தாலிக்குரிய பொன்னை எல்லாருக்கும் முன்னால் உருக்கிவிட்டால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மணமக்களுக்குத் துடக்கென்கிற தீட்டு இல்லை, குறித்த நாளில் தாலி ஏறலாம். அதற்கு முதலே விழுந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும். வேலையிடத்துப் புதன்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்த்தாள். நல்ல பிள்ளைகள்தான் கூட வேலை செய்பவர்கள், கேக் வெட்டித் தந்தார்கள், தோளைத் தடவினார்கள். “அந்தச் சடங்கை இன்னொரு நாளைக்கு மாற்ற முடியாதா?” என்று ஒருத்தி கேட்டாள். தமிழ்ச் சனத்துக்கு என்றால் அரைச் சொல்லில் விளங்கியிருக்கும், ஆனால் அவர்களிடம் ஒரு சொல்லும் விடக் கூடாது. சொல்லக்கூடிய இடத்தில் விளங்காது, விளங்கக்கூடிய இடத்தில் சொல்லக்கூடாது. அவள் கேக்கைத் தின்று முடித்தாள்.

கடைசியில் ஆனி நாளையே எடுத்தார்கள். ஆனி பிறந்தது. வெக்கை என்றால் வெக்கை. இலண்டன் வீடுகள் குளிரை அடைத்து வைக்கக் கட்டினவை, வெக்கையும் உள்ளே வந்தால் வெளியே போகத் தெரியாமல் நிற்கும். அந்த வெக்கைக்குள் பலகாரச் சூடு வைத்தார்கள். புவனேந்திரனின் தமக்கை தவமணி தலைமையில் எட்டுப் பெண்கள் கீழே குசினியில் இரண்டு அடுப்பும் பற்றவைத்து, தாச்சி தாச்சியாக எண்ணெய் காய்ச்சினார்கள். சுவர்ணா அதற்கு முதல் நாளே மறித்துப் பார்த்தாள்.

“அக்கா, எண்ணெய் மணம் உங்களுக்குச் சத்தியைக் கிளப்பும். மச்சாள் வீட்டிலை சுடட்டும்.”

“மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் வேறை வீட்டிலை சுட்டால் சனம் என்ன கேக்கும்?”

“கேக்கட்டுமே.”

“நீர் பகிடி விடாதையும். மருந்தைக் கூட்டிப் போடும், நான் தாங்குவன்.”

மருந்து ஊசியாக ஏறவில்லை. சின்னப் பெட்டி போல ஒரு பம்பு, அதிலிருந்து மெல்லிய குழாய் கையின் தோலுக்குள் போய் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தலையணைக்குக் கீழே மறைத்திருந்தார்கள். சுவர்ணா டொக்டரிடம் கேட்டு மருந்தைக் கூட்டினாள்.

கதவைச் சாத்தியும் மணம் மேலே வந்தது. செல்வமலர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

“சுவர்ணா, கீழை போய் அரியதரத்துக்கு எண்ணெய் கூடக் காய்ஞ்சிட்டுது எண்டு சொல்லும். வெளியிலை கறுத்து உள்ளுக்கை மாவாய் நிக்கும்.”

சுவர்ணா போய்ச் சொன்னாள். தவமணி தாச்சியை எட்டிப் பார்த்து, ஒன்றைப் பிட்டுப் பார்த்து, அடுப்பைக் குறைத்தாள். “மேலை படுத்திருந்து இவ என்னெண்டு கண்டவ?” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். “முதுகுதான் ஏலாது, மூக்கு நல்லாய் வேலை செய்யுது,” என்றாள் ஒருத்தி. சுவர்ணாவுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு தட்டில் பயத்தம் உருண்டை வைத்து நீட்டினார்கள். நின்றபடியே ஒன்றைத் தின்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டுக் குசினியில் நிற்கிறாள். இவள் யார் என்று தெரிந்தால் தட்டு நீண்டிருக்குமா என்று நினைத்தாள்.

மேலே வந்தபோது செல்வமலர் கட்டிலின் ஓரத்தில் குனிந்திருந்தாள். சுவர்ணா ஓடிப்போய்ப் பாத்திரத்தைப் பிடித்தாள், மற்றக் கையால் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். பச்சையாக வந்தது. வந்துகொண்டேயிருந்தது. முடிந்ததும் முகத்தைத் துடைத்துச் சாய்த்துப் படுக்கவைத்தாள்.

“கேக்கேல்லை தானே?” என்றாள் செல்வமலர்.

“இல்லை.”

“சுவர்ணா, நான் முந்திக்கொண்டு போனால் என்ன செய்வீர்?”

“என்னத்துக்கு முந்தி?”

“பொன்னுருக்கலுக்கு. உமக்குத்தான் முதல் தெரியும். நீர்தான் பக்கத்திலை நிப்பீர். ஒரு நாள், அரை நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க மாட்டீரோ?”

“ஏலாது அக்கா.”

“ஏன் ஏலாது?”

“அண்ணை கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவன். நான் போன ஒரு வீட்டிலையும் இதிலை பொய் சொன்னதில்லை. அதாலைதான் என்னை நம்புகினம்.”

“நம்பி என்ன கண்டீர்? ஒருதரும் உம்மை ஒரு தேத்தண்ணிக்குக் கூப்பிடுறதில்லை.”

பகிடியாகத்தான் சொன்னாள். சுவர்ணா பாத்திரத்தைக் கழுவுகிற சாட்டில் எழும்பிக் குளியலறைக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது செல்வமலர் அவளுடைய கையைப் பிடித்தாள்.

“கோவமோ? ரெண்டு தரம் என்ர வருத்தம் அந்தப் பிள்ளையளின்ர நாளைத் தின்னிட்டுது. மூண்டாந்தரமும் தின்னக் கூடாது, அதுதான். நான் போனாப் பிறகு இந்த ரெண்டு ஆம்பிளையளும் ஒரு வருசம் ஆளையாள் பார்த்துக்கொண்டு மீன் சொதி குடிச்சுக்கொண்டு இருக்கிறதோ? அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கை வரவேணும். வந்து சத்தம் போடவேணும்.”

“நீங்கள் இருப்பியள் அக்கா.”

“இதுதான் பொய்,” என்றாள் செல்வமலர்.

பொன்னுருக்கல் ஞாயிற்றுக்கிழமை. சுபநேரம் பத்தரைக்கு. வெக்கை முறிந்து மழை பிடித்துக்கொண்டது. சுவர்ணா பம்பின் மருந்தை மாற்றுவதற்காக எட்டு மணிக்கே வந்தாள், சேலை உடுத்தி. போர்வையை விலக்கியதும் தெரிந்தது. முழங்கால்களில் ஊதா நிறத்தில் பூப்பூவாய்ப் படர்ந்திருந்தது. மூச்சு நாலைந்து இழுத்து, பிறகு நின்று, பிறகு நினைத்துக்கொண்டது போலத் திரும்பத் தொடங்கியது. வருத்தம் அரிதாக இருக்கலாம். சாவு எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் வரும், அது அவளுக்குத் தெரிந்த பாதை.

புவனேந்திரன் பின் வளவில் குடை பிடித்துக்கொண்டு, நெருப்புக்குச் சிரட்டைக் கரி பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பத்தர் காஸ் அடுப்புக் கொண்டு வருகிறேன் என்றாராம், தவமணி விடவில்லை.

“அண்ணை, இண்டைக்குத்தான்,” என்றாள் சுவர்ணா.

அவர் நிமிரவில்லை. “எத்தினை மணிக்கு?”

“அது சொல்ல ஏலாது.”

“பத்தரை தாண்டுமோ?”

“தெரியாது அண்ணை. நான் பொய் சொல்ல மாட்டன். நீங்கள் மேலை வந்து பக்கத்திலை இருங்கோ. மற்றதை விடுங்கோ.”

“நான் மேலை இருந்தால் கீழை ஆர் நிக்கிறது? தகப்பன் நிக்கவேணும் தங்கச்சி.” கரித்துண்டு ஒன்று கையில் நொறுங்கியது. “அவவின்ர ஆசை இது. நான் அவவுக்குப் பக்கத்திலை இருந்து இதைக் குழப்பினால் என்னை அவ மன்னிக்க மாட்டா. நீங்கள் நில்லுங்கோ. உங்களுக்கு வேறை இடத்துக்குப் போக இருக்குதோ?”

“இருக்கு. கேட்டு மாத்துறன். நிக்கிறன்.”

ஒன்பதரைக்குச் சனம் வரத் தொடங்கியது. விறாந்தையில் நிறைகுடம், குத்துவிளக்கு. கூரையில் இருந்த புகை மணியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள். சுவர்ணா சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு படியேறப் போனபோது பெண்ணின் தகப்பன் செல்வரத்தினம் மறித்துக்கொண்டார். ஆளைக் கண்டால் ஊர் விசாரிக்காமல் விடாத மனிதர்.

“பிள்ளை எந்தப் பக்கம்?”

“நோர்பரி.”

“அது இஞ்சை. ஊரிலை?”

“கரவெட்டி.”

“மலர் தங்கச்சி அளவெட்டி எல்லே? சின்னம்மா கரவெட்டியிலை முடிச்சவவோ? ஆரின்ர பகுதி?”

“தண்ணி ஆறப்போகுது ஐயா, குடுத்திட்டு வாறன்,” என்று சுவர்ணா இரண்டு படி ஏறிவிட்டாள். “நல்ல பிள்ளை, சம்மந்திக்கு நல்ல உதவி,” என்று அவர் யாருக்கோ சொல்வது பின்னால் கேட்டது.

பத்து மணி போல நிஷாந்தன் வேட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். தாயின் காலைத் தொட்டான். பிறகு முழங்காலில் நின்று அவளுடைய கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தான். “அம்மா, நான் ரெடி,” என்றான். செல்வமலரின் இமை அசைந்தது போலத்தான் இருந்தது. “She knows, right, அன்ரி?” “ஓம் தம்பி. கேக்குது.” அது உண்மை. அவன் முகத்தைக் கழுவிவிட்டுக் கீழே போனான்.

அவன் போய்ப் பத்து நிமிடம் இராது. மூச்சு நாலு இழுத்து நின்றது. சுவர்ணா காத்திருந்தாள். இன்னொன்று வந்தது, சின்னப்பிள்ளையின் மூச்சுப் போல. பிறகு வரவில்லை. கழுத்தில் விரலை வைத்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கேட்க வேண்டிய நேரம் முழுக்கக் கேட்டாள். இமையை விலக்கி வெளிச்சம் பிடித்துப் பார்த்தாள். கீழே தவமணி, “கரி பிடிச்சிட்டுது, எல்லாரும் வாங்கோ,” என்று கூப்பிட்டாள்.

படியில் காலடி. பாதிப் படியில் நின்றுவிட்டது.

“தங்கச்சி,” என்றார் புவனேந்திரன். மேலே ஏறி வரவில்லை. குரல் மட்டும் வந்தது. “மலர் எப்பிடி? தொடங்கலாமோ?”

சுவர்ணா கதவை ஒரு சாண் திறந்து அந்த இடைவெளியில் நின்றாள். அவருடைய முகத்தில் பாதிதான் தெரிந்தது, வாடகைக்கு எடுத்த பட்டுச் சால்வையும். இருபது வருடமாக எத்தனை வாசலில் நின்று எத்தனை பேருக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறாள். நாக்கின் நுனியில் நின்றது.

“நோவொண்டும் இல்லை அண்ணை,” என்றாள். “தொடங்குங்கோ.”

அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

கதவைச் சாத்தினாள். பிறகு வேலை செய்தாள், வேறென்ன செய்வது. பம்பை நிறுத்தினாள். முகம் துடைத்து, தலையை இழுத்து முடிந்து, நெற்றியில் குங்குமம் வைத்தாள். தாடைக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தாள். கீழே பத்தர் ஊதுகுழலால் ஊதுகிற சத்தம் கேட்டது, சனம் இருமுவது கேட்டது, யன்னலைத் திறக்கச் சொல்லி யாரோ சொன்னது கேட்டது. தன் கையால் தான் என்ன செய்தாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு மனிதனுக்கு அவனுடைய மனைவியின் சாவை ஒளித்துவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்ல முடியாது, கோயிலில் சொல்ல முடியாது, லீட்ஸில் இருக்கிற பிள்ளையிடமும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தாள். சுவர்ணாவுக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்டுவிடும் என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கீழே ஒரேயடியாகப் பேச்சு எழும்பியது. உருகிவிட்டது. “முதல் தாய் பார்க்கட்டும், பேந்து சபைக்குக் காட்டுவம்,” என்று தவமணி சொன்னாள். காலடி இந்த முறை நிற்காமல் மேலே வந்தது.

புவனேந்திரன் தட்டோடு உள்ளே வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேசிக்காய், பூ, நடுவில் ஒரு பொட்டுப் பொன். வியர்வையும் புகையுமாக முகம் மினுங்கியது.

“மலர், இஞ்சை பார். உருக்கியாச்சு.” தட்டை அவளுடைய கண்ணுக்கு நேரே பிடித்தார். “வடிவா உருகினது. பத்தரே சொன்னவர். மலர்.”

தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மற்றக் கையைப் போர்வைக்குள் விட்டு அவளுடைய பாதத்தைப் பிடித்தார். ஐசுக்குள் கிடந்த மீன் செத்து எவ்வளவு நேரமாயிற்று என்று தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய கை அது. பிடித்தபடி இருந்தார். பிறகு கையை எடுத்து, போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார்.

“எப்ப?” என்றார்.

சுவர்ணா வாயைத் திறந்தாள்.

“இப்பத்தான் அண்ணை. நீங்கள் படியேறேக்கை.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வீங்கிய கண்ணைப் பார்த்தார், வாரி முடிந்த தலையைப் பார்த்தார், தாடைக்குக் கீழே சுருட்டி வைத்த துவாயைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “இப்பத்தான்.”

“தம்பி!” என்று தவமணி கீழேயிருந்து கூப்பிட்டாள். “மச்சாள் பார்த்திட்டாவோ? சபை காத்துக்கொண்டிருக்கு.”

புவனேந்திரன் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தட்டில் ஒருபக்கம் சரிந்திருந்த பாக்கைச் சரியாக வைத்தார். “சனம் போகட்டும் தங்கச்சி,” என்றார் மெதுவாக. “அதுமட்டும் இவவோடை இருங்கோ.” கதவைத் திறந்துகொண்டு போனார். அவர் ஒவ்வொரு படியாக இறங்குவதைச் சுவர்ணா கேட்டுக்கொண்டு நின்றாள். கீழே போய்ச் சேர்ந்ததும் அவருடைய குரல் கேட்டது, கடையில் ஆட்களோடு பேசுகிற அதே உரத்த குரல்.

“பார்த்தவ அக்கா. நல்ல வடிவு எண்டு சொன்னவ.”

எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். செல்வரத்தினம் ஏதோ பகிடி விட்டார். யாரோ பந்திக்கு இலை போடச் சொன்னார்கள். சுவர்ணா கதவைச் சாத்திவிட்டு வந்து செல்வமலருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கீழே சனம் சாப்பிடத் தொடங்கியது.